மாறி ஏறிய நினைவு

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சுண்டுவுக்குக் குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஆறு மாடி உயரத்திலிருந்து லிஃப்டோடு விழுந்தவளுக்கு உயிர் மிஞ்சியதே பெரிது, நாலு விஷயம் மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்த சுண்டு ஒரே கேள்வியில் அத்தனை பேர் வாயையும் அடைத்துவிட்டாள்.

“அப்பாவுக்கு ட்யூட்டி எத்தனை மணிக்கு முடியும்?”

சுண்டுவின் அப்பா இறந்து ஏழு வருடம் ஆகிறது. அவர் ட்யூட்டி என்று எதற்கும் போனவரும் இல்லை. சொந்தமாகச் சைக்கிள் கடை வைத்திருந்தவர்.

சுண்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். கடைக்குட்டி, பிறந்தபோதே கைக்குள் அடங்கிவிடுகிற உருவம். அந்த உருவம்தான் பிற்பாடு அவளுக்குச் சோறு போட்டது. பத்தொன்பது வயதில் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்தாள். தொப்பை விழுந்த மூத்த மெக்கானிக்குகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு யோசிக்கிற சந்துகளில் அவள் சட்டென்று நுழைந்து, வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். வாயும் சும்மா இருக்காது. உங்கள் வயிற்றுக்குத் தனியாக ஒரு லிஃப்ட் போட வேண்டும் அண்ணே என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே அடுத்த சந்துக்கும் அவளையே அனுப்புவார்கள்.

இருபத்தொரு வயதில் அந்த விபத்து. எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்டை ஓட்டிச் சோதித்தபடி சுண்டு அதிலேயே இறங்கிக்கொண்டிருந்தாள். ஆறாவது மாடியில் இன்னொரு பெண் ஏறினாள். கதவு மூடியதும் பிரேக் பிடிக்காமல் லிஃப்ட் கீழே போனது. அந்தப் பெண் மறுநாள் இறந்துபோனாள். சுண்டு பிழைத்தாள், ஆனால் தலையில் பலமான அடி, நினைவு மொத்தமும் போய்விட்டது.

அந்த ஊரில் அதற்கு ஒரு வழி இருந்தது. பதினெட்டு வயது முடிந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நினைவகத்துக்குப் போய் நினைவுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எக்ஸ்ரே எடுப்பதுபோல ஒரு மணி நேர வேலை. பின்னால் தலையில் அடிபட்டால் அந்தப் பதிவைத் திரும்ப ஏற்றுவார்கள். சுண்டுவுக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள். விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு பதிவு செய்திருந்ததால் இரண்டு மாதம்தான் நஷ்டம், மற்றதெல்லாம் அப்படியே திரும்பிவிடும் என்று தலைமை மருத்துவர் உறுதி சொன்னார்.

திரும்பவில்லை. திரும்பியது வேறு ஏதோ.

அவளுக்கு ஞாபகமிருந்தது பச்சைக் கதவு போட்ட ஒரு மாடிவீடு. பேருந்து ஓட்டும் அப்பா. அவளை அணில் என்று கூப்பிடுகிற அவருடைய கரகரத்த குரல். அம்மா இல்லாத சமையலறையில் இருவரும் மாறி மாறிச் சமைத்தது, கருக்கியது, சிரித்தது. இந்த வீட்டு அம்மாவோ சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். உள்ளங்கை எப்போதும் சூடாக இருக்கும். அந்தக் கை நெற்றியில் படும்போதெல்லாம் சுண்டுவுக்கு உடம்பு விறைத்துக்கொண்டது. கண்ணாடியில் தெரிந்த முகமும் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் முகம். அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தாள்.

மருத்துவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். அடிபட்ட மூளை கதை கட்டும், ஆறு மாதம் பொறுங்கள், தானாக அடங்கிவிடும். அந்தக் கதைகளை எழுதி வைக்காதே, தேடிப் போகாதே, யாரிடமும் பேசாதே. அம்மா அதை அப்படியே நம்பினாள். சுண்டுவும் நம்பப் பார்த்தாள். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோது வலது முழங்காலைப் பார்த்தாள். பத்து வயதில் பச்சைக் கதவுக்கு முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்து ஐந்து தையல் போட்ட முழங்கால் அது. தோல் வழவழவென்று இருந்தது. தழும்பு என்று ஒன்றும் இல்லை. மாறாக இடது கையில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு. அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் தலையில் கொட்டிக்கொண்டே இருக்க, அவள் குழாயை மூடத் தோன்றாமல் நின்றாள்.

அதை யாரிடம் சொல்வது என்று இரண்டு நாள் தவித்துவிட்டு அக்காவிடம் சொன்னாள். அக்கா செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து ஷூ மாட்டிவிடுகிற வேலை. அவள் கேட்டுவிட்டு அதிர்ந்துபோவாள் என்று சுண்டு நினைத்தாள். அக்கா எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

“நானே கேக்கணும்னு இருந்தேன்,” என்றாள். “சுண்டு ஆறு வயசுலேர்ந்து ஷூ கயிறை ஒரே மாதிரிதான் கட்டுவா. நான்தான் கத்துக்குடுத்தேன். நீ ரெண்டு காது வெச்சு வேற மாதிரி கட்டறே. தலையில அடிபட்டா முடிச்சு மறந்துபோகலாம். வேற முடிச்சு எங்கேர்ந்து வரும்?”

சுண்டு என்று அக்கா யாரோ மூன்றாம் மனுஷியைச் சொன்னது இவள் காதில் ஊசிபோல் இறங்கியது. அக்கா அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த செய்தித்தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். விபத்துச் செய்தி. இரண்டு படங்கள். ஒன்று கண்ணாடியில் தெரிகிற முகம். மற்றொன்று இறந்துபோன பெண்.

அந்த இறந்த முகம்தான் அவளுடைய முகம். மூக்கின் வளைவு, வெட்டிக்கொண்டு பிறகு வருத்தப்பட்ட அந்த முன்முடி, எல்லாம் அவளுடையது. தன் சாவுச் செய்தியைத் தானே படித்துக்கொண்டிருக்கிறோம் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா தொடவில்லை. தொடலாமா என்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை இருவரும் இருபத்தேழாம் எண் பேருந்தில் ஏறினார்கள். எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் வண்டி குலுங்கும் என்பதுகூடத் தெரியும். பச்சைக் கதவு அதே இடத்தில் இருந்தது. அவள் மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தவர் ஐம்பது வயதுக்காரர். தாடி சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. அவளைப் பார்த்த அந்த நொடியில் அவர் முகம் கல்லாகிவிட்டது. அவரும் அதே செய்தித்தாளைப் படித்தவர்தானே. தன் மகளைக் கொன்ற லிஃப்டைச் சரிபார்க்க வேண்டியவள் தன் வாசலில் வந்து நிற்கிறாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

“எந்தத் தைரியத்துல இங்க வந்தே?” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அக்கா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை. கதவில் வாயை வைத்து, தெருவுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“போன வருஷம் உங்களுக்குக் கண் பரிசோதனை. கடைசி ரெண்டு வரி தெரியல. ஆபரேஷனுக்கு மூணு வாரம் இருந்துச்சு. அதுக்குள்ள வேலை போயிடும்னு நான் போய் அந்தக் கண் அட்டையில இருந்த எழுத்தையெல்லாம் எழுதிட்டு வந்தேன். சமையலறையில நின்னு மனப்பாடம் பண்ணீங்க. ட, ப, ம, ய, ர. ‘ய’வை மட்டும் விட்டுட்டுச் சொல்வீங்க. நான் கரண்டியால மேசையைத் தட்டுவேன்.”

 தாழ்ப்பாள் விலகியது. அந்த மூன்று வாரமும் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தவர் அவர். கண் தெரியாமல் வண்டி ஓட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வெளியில் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்பதால் அந்த அட்டை விஷயத்தை உலகத்தில் இருவரைத் தவிர யாரும் அறியவிடவில்லை. அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வெறுக்கிற ஒரு முகத்திலிருந்து வந்த அந்தப் பேச்சை நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நின்றார். கடைசியில் உள்ளே வரச் சொன்னார். மகளின் பதிவும் பழுதாகிவிட்டது, அதையும் காப்பாற்ற முடியவில்லை என்று நினைவகத்தில் தனக்குச் சொன்னதாக அவர் சொன்னார்.

மூவரும் நேராக நினைவகத்துக்குப் போனார்கள். தலைமை மருத்துவர் பொறுமையாகக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார், இதெல்லாம் அதிர்ச்சியால் வருகிற மயக்கம் என்றார், இன்னும் இருபத்தொன்பது நாள்தான், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றார். அந்தக் கணக்கு அவர் வாயில் அவ்வளவு துல்லியமாக வந்தது அவளுக்கு உறுத்தியது.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது பின்னாலேயே ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பதிவுகளை ஏற்றி இறக்குகிற பதிவாளர் அவள். அவள் சொன்னது இதுதான். விபத்தன்று ஒரே மணி நேரத்தில் இரண்டு பேரின் பதிவுகளையும் எடுத்து வைத்தபோது சீட்டு மாறிவிட்டது. பதினோராம் நாள் அதைக் கண்டுபிடித்துத் தலைமை மருத்துவரிடம் சொன்னாள். அதற்குள் அணில் இறந்திருந்தாள். தப்பை வெளியில் சொன்னால் நினைவகத்தையே மூட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் வாயை அடைத்துவிட்டார்.

“ஆறு மாசம் தாண்டினா ஏத்தினது தலையில இறுகிடும். அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. அதுக்காகத்தான் உங்களை ஆறு மாசம் பொறுக்கச் சொன்னாரு,” என்றாள் பதிவாளர். பேசிக்கொண்டே இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “ரெண்டு பதிவையும் அழிக்கச் சொன்னாரு. அந்தப் பொண்ணோடதை என் கண்ணு முன்னாலயே அவரே அழிச்சாரு. உங்களோடதை நான் வேற நம்பர் போட்டு ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“உங்களோடது” என்றால் சுண்டுவுடையது. அதை ஏற்ற வேண்டுமானால் இப்போது தலையில் இருப்பதைத் துடைத்தாக வேண்டும். ஒரு தலையில் இரண்டு பேர் நிற்க முடியாது. துடைத்துவிட்டால் அணில் என்று ஒருத்தி உலகத்தில் எங்கேயும் மிஞ்ச மாட்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஏற்கனவே மடிப்பு நிற்கிற துணிகளுக்கு மறுபடியும் மடிப்பு வைத்தாள்.  மூன்றாம் நாள் காலை இவள் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“நீ யாரு பெத்த பொண்ணோ. அஞ்சு மாசமா உனக்குச் சோறு போட்டிருக்கேன், தலை துவட்டிவிட்டிருக்கேன். போன்னு என் வாயால சொல்ல மாட்டேன்,” என்றாள். “ஆனா என் பொண்ணு அங்க ஒரு பெட்டிக்குள்ள இருக்கா. இருன்னும் என்னால சொல்ல முடியலம்மா.”

 சாவதற்கு இவளுக்கு மனமில்லை. இருபத்தொரு வயது, இப்போதுதான் அப்பா திரும்பக் கிடைத்திருக்கிறார். இந்தப் பதிவு, அந்தப் பதிவு என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அது பதிவாக இல்லை, அது அவள்தான். பச்சைக் கதவு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டாள். நான் இருந்துவிடட்டுமா என்று நேரடியாகவே கேட்டாள்.  இருந்துவிடு என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை இருந்திருக்கும். ஆனால் அவர் சொன்னது, தன் மகளுக்கு எது தோன்றுகிறதோ அதைச் செய்யட்டும், எதுவானாலும் தான் கூட வருவேன் என்பதுதான்.

நாட்கள் ஓடின. அக்கா ஒரு வக்கீலைப் பிடித்தாள். பதிவாளர் தன் வேலை போனாலும் பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்தாள். நோயாளி சம்மதித்தால் சரியான பதிவை ஏற்றித் தர வேண்டும் என்று சுகாதாரத் துறை நினைவகத்துக்கு உத்தரவிட்டது. தலைமை மருத்துவர் அப்போதும் விடவில்லை. சம்மதக் கடிதத்தில் சுண்டுவின் கையெழுத்து வேண்டும், தங்களிடம் இருக்கும் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். இவள் போட்டால் அணிலின் கையெழுத்துத்தான் வரும். கோபத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சியின் கையே தங்கச்சியின் கையெழுத்தைக் கள்ளக் கையெழுத்தாகப் போட வேண்டிய காலம் வந்துவிட்டது என்றாள்.

பார்த்து எழுதிப் பழகுவதற்காகச் சுண்டுவின் வேலைச் சீட்டுகளின் நகல்களை அக்கா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு சீட்டில் நின்றுவிட்டாள். அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் முகவரி. கீழே குட்டி குட்டி எழுத்தில், “பிரேக் தேய்ந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும். அதுவரை லிஃப்டை நிறுத்தி வைக்கவும்.” இரண்டு மாதம் கழித்து இன்னொரு சீட்டு, அதே வரி. விபத்துக்கு முந்தைய வாரம் மூன்றாவது, அதில் நிறுத்தி வைக்கவும் என்பதற்கு அடியில் இரண்டு கோடு. மூன்றிலும் கட்டட உரிமையாளரின் அலுவலக முத்திரை குத்தியிருந்தது.

ஊர் முழுக்க ஐந்து மாதமாக அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்று பேசிக்கொண்டிருந்தது. அம்மாவின் சலவை நிலையத்திலும் பேசினார்கள், அம்மா தலையைக் குனிந்துகொண்டு இஸ்திரி போட்டாள். பதில் சொல்ல வேண்டியவளோ ஒரு பெட்டிக்குள் கிடந்தாள்.

அவள் சீட்டுகளை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள். அவர் மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

“நான் போறேன்ப்பா,” என்றாள் அவள். “எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா இது அவளோட கை, அவளோட காலு. அவ வந்து பேசட்டும்.”

மிச்சம் ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவள் பச்சைக் கதவு வீட்டில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி முன்னால் உட்கார்ந்து பேசினாள். ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் பேசினாள். முதல் நாள் பள்ளி, கருகிய சமையல், முழங்கால் தையல், அவரிடம் சொல்லாமல் மறைத்த ஒரு காதல். குரல் கட்டிப்போனால் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடியும் பேசினாள். முப்பத்தொரு மணி நேரம் ஆனது. அம்மா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு நாள் அங்கே வந்து இருந்தாள். அவள் பேசுவதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டு, யார் வீடு என்று பார்க்காமல் துணிகளை மடித்தாள்.

கையெழுத்து நான்காவது முயற்சியில் ஒத்துக்கொண்டது. ஏற்றுகிற அறை வாசலில் அவள் அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். பதிவாளர்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

சுண்டு கண் விழித்தபோது மணி பதினொன்று. முதலில் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பதறினாள். அடுத்ததாக அக்காவைப் பார்த்து, என் சட்டையை யாரைக் கேட்டுப் போட்டுக்கொண்டாய் என்றாள். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா வெறும் கையால் அவள் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கதவோரம் சவரம் செய்த முகத்தோடு ஒரு மனிதர் நின்றிருந்தார். யாரம்மா அவர் என்று சுண்டு கேட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

நடந்ததை அவர்கள் சொல்லச் சொல்ல அவளுக்குத் தலை சுற்றியது. எட்டு மாத வாழ்க்கை இல்லை. அதில் ஆறு மாதம் தன் உடம்பில் வேறொருத்தி எழுந்து, குளித்து, தூங்கியிருக்கிறாள், கடைசியில் தானாக இடத்தைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நன்றி சொல்லக்கூட ஆள் இல்லை. பல வாரங்கள் அவள் கண்ணாடியைப் பார்க்கப் பயந்தாள்.

விசாரணை ஒரு வருடம் நடந்தது. முதல் இரண்டு சீட்டுகளை எழுதியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முத்திரை குத்திக்கொண்டே, இந்தச் சின்னப் பெண்ணுக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று மேலாளர் சிரித்ததையும் சொன்னாள். கட்டட உரிமையாளருக்குத் தண்டனை கிடைத்தது. தலைமை மருத்துவரின் உரிமத்தைப் பறித்தார்கள். பதிவாளருக்கு வேலை போனது, பிறகு வேறு ஊரில் கிடைத்தது. விசாரணையின் நடுவில் ஒரு அதிகாரி படிவத்தை நிரப்பிக்கொண்டே, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். சுண்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடச் சொன்னாள்.

பச்சைக் கதவு வீட்டு டிரைவர் அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்கவே இல்லை என்று அக்கா மூலம் தெரிந்தது. தனியாகக் கேட்கத் தைரியம் வரவில்லையாம். சுண்டுவுக்கும் அவரைப் பார்க்கப் பயம்தான். இருந்தும் ஒரு விடுமுறை நாளில் பேருந்துப் பணிமனைக்குப் போய் விசாரித்தாள். கேன்டீன் மூலையில் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேச்சு ஓடவில்லை. லிஃப்ட் வேலை எப்படிப் போகிறது என்று அவர் கேட்டார், போகிறது என்றாள். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் அவர் பையிலிருந்து கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டார்கள்.

சுண்டுவின் குரல் கேட்டது. சுண்டு ஒருபோதும் பேசாத விதத்தில், ஒவ்வொரு வாக்கியத்தையும் மெல்ல இழுத்து முடிக்கிற விதத்தில், “அப்பா, முதல்ல எதைச் சொல்றது” என்று அது ஆரம்பித்தது. டிரைவர் சட்டென்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. ஓடவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் ஒரு மணி நேரம் முடிவதற்குள் அவருடைய வண்டி கிளம்பும் நேரம் வந்துவிட்டது. அவள் எழுந்து இரண்டு டம்ளர்களையும் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு, அடுத்த வாரமும் இதே நேரத்துக்கு வரட்டுமா என்று கேட்டாள். அவர் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, புதன்கிழமை வேண்டாம், வியாழன் வா என்றார்.